‘அக்வெய்ன்ட்’: பொருள், இலக்கணம், பயன்பாடு – முழுமையான வழிகாட்டி

டெண்டர் ஆவணத்தில், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தில், பணியில் சேர்பவருக்குத் தரும் விதிமுறைக் கையேட்டில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கில வினைச்சொல் ‘அக்வெய்ன்ட்’. ஒருவருக்கு ஒன்றைத் தெரியவைப்பது, அல்லது அவரை அதனோடு பரிச்சயப்படுத்துவது என்பது பொருள். அகராதியைப் புரட்டினால் இவ்வளவும் ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். வாக்கியத்தில் வைக்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ‘அக்வெய்ன்டெட் டு ஹிம் த மேட்டர்’, ‘அக்வெய்ன்டெட் அபௌட் த ரூல்ஸ்’, ‘ஐ அக்வெய்ன்ட் ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்றெல்லாம் எழுதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாமல் இல்லை. தமிழ் வாக்கியத்தின் வேற்றுமை உருபுகளை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வருகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி, சொல்லின் பொருளைவிட அதைச் சுற்றி எது எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் செலவிடுகிறது.

எழுத்தும் உச்சரிப்பும்

எழுத்துகள்: ஏ, சி, கியூ, யூ, ஏ, ஐ, என், டி. இரண்டாவது எழுத்தான ‘சி’யை விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான பிழை. ஒலியில் அந்த ‘சி’ தனியாகக் கேட்பதில்லை என்பதால் கை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. லத்தீனில் ‘அட்’ என்ற முன்னொட்டு, ‘கியூ’வில் தொடங்கும் பகுதிக்கு முன்னால் வரும்போது ‘ஏசி’ என்று மாறும். ‘அக்வயர்’, ‘அக்விட்’, ‘அக்வியெஸ்’ எல்லாம் இதே வரிசை. எல்லாவற்றிலும் ‘சி’ உண்டு. தண்ணீரைக் குறிக்கும் ‘அக்வா’விலிருந்து வந்த ‘அக்வேரியம்’, ‘அக்வாட்டிக்’, ‘அக்விடக்ட்’ ஆகியவற்றில் ‘கியூ’வுக்கு முன் ‘சி’ கிடையாது. தண்ணீர் சம்பந்தம் என்றால் ‘சி’ வேண்டாம், மற்றபடி ‘சி’ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சந்திக்கப்போகும் சொற்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அது போதும்.

உச்சரிப்பில் இரண்டு அசைகள். முதல் ‘அ’ மிக மெலிதாக வந்துபோக வேண்டும். அழுத்தம் முழுவதும் ‘க்வெய்ன்ட்’ மீது. தமிழ் நாவுக்கு இங்கே இரண்டு இடறல்கள். மூக்கொலிக்குப் பின் வரும் டகரத்தை நாம் வண்டி, கண்டு என்பதுபோல் மென்மையாக ஒலித்துப் பழகியவர்கள். அதனால் கடைசி ஒலி தானாக மென்மையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது ‘பட்டு’வில் உள்ள வல்லின டகரம். அடுத்தது, மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் ஓர் உகரம் சேர்ப்பது நம் வழக்கம்: ‘அக்வெயிண்டு’. அந்த உகரத்தை வெட்டிவிட்டு ‘ட்’டோடு நிறுத்தினால் சொல் சரியாக விழும். இறந்தகால வடிவமான ‘அக்வெய்ன்டெட்’டுக்கு மூன்று அசைகள். அதன் கடைசி அசை ‘டிட்’ என்பதற்கு நெருக்கமாகவும், இறுதி ஒலி மென்மையாகவும் வரும்.

வேர் எங்கே

லத்தீனில் ‘காக்னோஸ்கெரே’ என்றால் அறிதல். அதிலிருந்து பிற்கால லத்தீனில் ‘அறியச் செய்தல்’ என்ற பொருளில் ஒரு வினை உருவாகி, பழைய பிரெஞ்சு வழியாக மத்திய கால ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘காக்னிஷன்’, ‘ரெகக்னைஸ்’ இரண்டும் இதன் உறவுகள். பழமையின் அழகு கொண்டது என்று இன்று பொருள்படும் ‘க்வெய்ன்ட்’டும் உறவுதான், அது முதலில் ‘விவரமறிந்த, சாமர்த்தியமான’ என்ற பொருளில் வழங்கியது. இன்னும் பின்னால் போனால் ஆங்கில ‘நோ’வும், நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘ஞானம்’ என்பதும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் வந்து சேர்கின்றன.

எவ்வளவு தெரிந்தால் ‘அக்வெய்ன்டெட்’?

இந்தச் சொல் சொல்லும் அறிவுக்கு ஓர் அளவு உண்டு. அடையாளம் காணவும், தேவையான இடத்தில் அதன்படி நடக்கவும் போதுமான அளவு தெரிந்திருப்பது. கரைத்துக் குடித்தது ஆகாது. காதில் விழுந்ததோடு நின்றதும் ஆகாது. ‘விதிகளோடு அக்வெய்ன்ட் ஆகுங்கள்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், படித்துப் பார்த்து எதற்கு எந்த விதி என்று தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறது. மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை.

இன்னொரு சாயலும் இருக்கிறது. பிறர் சொல்லிக் கேட்டதைவிட, நேரடியாகப் பார்த்தோ படித்தோ பழகியோ அறிந்தது என்ற வாசனை இந்தச் சொல்லில் தூக்கலாக வீசும். 1911இல் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அறிவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பொருளை நேராக அறிவது. மற்றது, அதைப் பற்றிய விவரணையின் வழியாக அறிவது. முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் ‘அக்வெய்ன்டன்ஸ்’. அன்றாட ஆங்கிலத்தில் அவ்வளவு கறார் கிடையாது. ஆனாலும் ‘இன்ஃபார்ம்’ செய்வதற்கும் ‘அக்வெய்ன்ட்’ செய்வதற்கும் இடையே காதுக்குக் கேட்கும் வேறுபாடு இதுதான்.

வாக்கியம் அமைக்கும் முறை, படிப்படியாக

படி 1: மூன்று பேரையும் கண்டுபிடியுங்கள்.

தெரியவைப்பவர், தெரிந்துகொள்பவர், தெரியவேண்டிய விஷயம் ஆகிய மூன்றும் எழுதத் தொடங்குமுன் மனதில் தெளிவாக இருக்க வேண்டும். இந்தத் தமிழ் வாக்கியத்தைப் பாருங்கள்: ‘மேலாளர் புதிய ஊழியருக்குப் பாதுகாப்பு விதிகளைத் தெரியப்படுத்தினார்.’ ஆளுக்கு ‘கு’ உருபு, விஷயத்துக்கு ‘ஐ’ உருபு.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். ‘த மேனேஜர் அக்வெய்ன்டெட் த நியூ எம்ப்ளாயீ வித் த சேஃப்டி ரூல்ஸ்.’ தமிழில் ‘கு’ ஏற்ற ஆள், எந்த முன்னிடைச் சொல்லும் இல்லாமல் வினைக்கு ஒட்டி நிற்கிறார். தமிழில் ‘ஐ’ ஏற்ற விஷயம் ‘வித்’துக்குப் பின்னால் போகிறது. இந்த ஒரு இடமாற்றம் கைவந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

குழப்பத்தைக் கூட்டுவது ‘எக்ஸ்ப்ளெயின்’. ‘எக்ஸ்ப்ளெயின்ட் த ரூல்ஸ் டு ஹிம்’ என்பது தமிழின் அமைப்போடு அப்படியே பொருந்துகிறது: விதிகளை, அவருக்கு. பள்ளியிலேயே பழகிய இந்த அமைப்பை ‘அக்வெய்ன்ட்’டுக்கும் பொருத்திவிடுகிறோம். ‘டு ஹிம்’ என்று எழுதக் கை போகும்போதெல்லாம் நீங்கள் ‘எக்ஸ்ப்ளெயின்’ வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

படி 2: ஆளை விட்டுவிடாதீர்கள்.

‘அக்வெய்ன்ட்’ செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. ‘ஹீ அக்வெய்ன்டெட் வித் த ரூல்ஸ்’ என்பது பாதியில் நின்றுபோன வாக்கியம். அவர் தானே தெரிந்துகொண்டார் என்றால் ‘ஹீ அக்வெய்ன்டெட் ஹிம்செல்ஃப் வித் த ரூல்ஸ்’. அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றால் ‘ஹீ வாஸ் அக்வெய்ன்டெட் வித் த ரூல்ஸ்’. தமிழில் ‘தெரிந்துகொண்டார்’ என்ற ஒரே சொல்லுக்குள் ‘கொள்’ என்ற துணைவினை தன்வினைப் பொருளைத் தந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘ஹிம்செல்ஃப்’. ‘கொள்’ வரும் இடத்திலெல்லாம் ‘செல்ஃப்’ வேண்டும் என்று பார்த்தால் இந்தப் பிழை நிற்கும்.

இங்கே மரியாதைப் பன்மையிலும் கவனம் வேண்டும். நமக்கு ‘நீங்கள்’ என்பது ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். ஒரே ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் மரியாதை கருதி ‘யுவர்செல்வ்ஸ்’ என்று போட்டுவிடக் கூடாது. அது பலருக்கு மட்டும். மறுபுறம், ஊழியர் அனைவருக்கும் போகும் சுற்றறிக்கையில் ‘யுவர்செல்ஃப்’ என்று எழுதுவது படிக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைப்பதுபோல் இருக்கும். கூட்டமாகச் சொல்வதானால் ‘யுவர்செல்வ்ஸ்’.

படி 3: ‘வித்’துக்குப் பின் பெயர்ச்சொல்.

‘அபௌட்’, ‘ஆஃப்’, ‘இன்’, ‘டு’ நான்கும் இங்கே தவறு. ‘இன்’ வருவதற்குக் காரணம் ‘அந்தத் துறையில் பரிச்சயம்’ என்ற தமிழ் வழக்கு. ‘இல்’ உருபைக் கண்டால் நிறுத்தி ‘வித்’ என்று மாற்றுங்கள்.

முழு வாக்கியத்தையே விஷயமாகச் சொல்ல வேண்டியிருந்தால்? ‘அலுவலகம் இடம் மாறிவிட்டதை அவருக்குத் தெரியப்படுத்தினேன்’ என்பதை ‘ஐ அக்வெய்ன்டெட் ஹிம் தட் த ஆஃபீஸ் ஹேட் மூவ்டு’ என்று எழுதுவது பழைய ஆங்கிலத்தில் இருந்தது; இன்று வழக்கில் இல்லை. ‘வித் த ஃபாக்ட் தட்’ என்று ஒரு பெயர்ச்சொல்லை நடுவில் வைக்க வேண்டும். அது சற்றுப் பளுவான அமைப்பு. ஆகவே ஒற்றைச் செய்தியைச் சொல்லும் இடத்தில் ‘அக்வெய்ன்ட்’டையே விட்டுவிட்டு ‘டோல்டு’ அல்லது ‘இன்ஃபார்ம்டு’ என்று எழுதுவதுதான் நல்லது. ‘ஹவ்’, ‘வாட்’ என்று தொடங்கும் தொடர்கள் ‘வித்’துக்குப் பின் தாராளமாக வரும்: ‘அக்வெய்ன்ட் த ஸ்டாஃப் வித் ஹவ் த சிஸ்டம் வொர்க்ஸ்.’

படி 4: செயலா, நிலையா?

‘அக்வெய்ன்ட்’ என்ற வினை ஒரு செயல்: தெரியாதவரைத் தெரிந்தவராக்குவது. ‘பி அக்வெய்ன்டெட் வித்’ என்பது ஒரு நிலை: தெரிந்திருப்பது. ‘எனக்கு அவரைப் பத்து வருஷமாகத் தெரியும்’ என்பதைச் செயல் வடிவில் எழுதினால் வாக்கியம் குலைந்துவிடும். நிலைதான் வேண்டும், அதுவும் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை நீளும் வடிவத்தில்: ‘ஐ ஹேவ் பீன் அக்வெய்ன்டெட் வித் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.’ கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய ஆண்டுக்கு ‘சின்ஸ்’.

தெரியாத நிலையிலிருந்து தெரிந்த நிலைக்கு மாறுவதைச் சொல்ல ‘கெட்’ அல்லது ‘பிகம்’. ‘கெட் அக்வெய்ன்டெட்’ பேச்சிலும் இயல்பாக வரும். இந்தச் சொல் தன் விறைப்பைத் தளர்த்திக்கொள்ளும் ஒரே இடம் என்றுகூடச் சொல்லலாம். இருவர் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் ‘வித்’ தேவையில்லை: ‘தே ஆர் அக்வெய்ன்டெட்.’ ‘அவர்களுக்குள் பழக்கம்’ என்று நாம் சொல்வதற்கு நேர் இணை இது.

‘ஃபமிலியர்’ என்ற சொல் இரண்டு பக்கமும் திரும்பும். ‘ஐ ஆம் ஃபமிலியர் வித் த பிளேஸ்’ என்றும் சொல்லலாம், ‘த பிளேஸ் இஸ் ஃபமிலியர் டு மீ’ என்றும் சொல்லலாம். ‘அக்வெய்ன்டெட்’ அப்படித் திரும்பாது. ‘த பிளேஸ் இஸ் அக்வெய்ன்டெட் டு மீ’ என்பது ஆங்கிலமே அல்ல. அறிபவர்தான் எழுவாயாக நிற்க முடியும்.

படி 5: அளவைச் சொல்லும் அடைமொழி.

‘வெரி ஃபமிலியர்’ சரி; ‘வெரி அக்வெய்ன்டெட்’ தவறு. ‘வெல்’ வேண்டும்: ‘வெல் அக்வெய்ன்டெட்’, ‘வெரி வெல் அக்வெய்ன்டெட்’. இவை தவிர ‘ஃபுல்லி’, ‘தரோலி’, ‘பர்சனலி’, ‘க்ளோஸ்லி’, ‘ஸ்லைட்லி’ ஆகியவை நன்றாகப் பொருந்தும். அறவே தெரியாது என்பதற்கு ‘அன்அக்வெய்ன்டெட் வித்’ என்ற எதிர்ச்சொல் இருக்கிறது. விட்டுப்போன தொடர்பை மறுபடி பிடிப்பதற்கு ‘ரீஅக்வெய்ன்ட்’.

படி 6: இந்த இடத்துக்கு இந்தச் சொல் தேவையா?

எழுதி முடித்தபின் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நண்பருக்கு அனுப்பும் செய்தியில், வீட்டுப் பேச்சில், வாட்ஸ்அப்பில் ‘அக்வெய்ன்ட்’ வேட்டிக்கு மேல் கோட்டு போட்டதுபோல் தெரியும். ‘கெட் டு நோ’, ‘டெல்’, ‘ஷோ’ போதும். விதிமுறை, ஒப்பந்தம், பயிற்சிக் குறிப்பு, நீதிமன்ற ஆவணம், அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் அது தன் இடத்தில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘அறிமுகம்’ என்ற தமிழ்ச் சொல் ஒன்றே நம்மைப் பல இடங்களில் குழப்பிவிடுகிறது. ஒரு கூட்டத்தில் இருவரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பது ‘இன்ட்ரட்யூஸ்’. அதற்கு ‘டு’ வேண்டும். ஆளுக்கு ஆளை அறிமுகம் செய்வதற்கு ‘அக்வெய்ன்ட்’டைச் செய்வினையாகப் பயன்படுத்துவது இன்று அபூர்வம். ஆளுக்கு விஷயத்தை என்றால் ‘அக்வெய்ன்ட்’.

‘அப்ரைஸ்’ என்ற இன்னொரு விறைப்பான சொல் ‘ஆஃப்’ எடுக்கும். நடப்பு நிலவரத்தை, அதிலும் புதிதாக நடந்ததை மேலதிகாரிக்குத் தெரிவிக்கும்போது அதுதான் பொருத்தம். ‘இன்ஃபார்ம்’ பொதுவானது; ‘ஆஃப்’ அல்லது ‘அபௌட்’ எடுக்கும், ‘தட்’டும் எடுக்கும்.

‘ஃபமிலியரைஸ்’தான் மிக நெருங்கிய உறவு. வாக்கிய அமைப்பும் ஒன்றே: ஆள், பிறகு ‘வித்’, பிறகு விஷயம். வேறுபாடு ஆழத்தில். ஒரு கருவியை, மென்பொருளை, ஊரின் தெருக்களைத் திரும்பத் திரும்பக் கையாண்டு தயக்கம் போகும்வரை பழகுவது ‘ஃபமிலியரைஸ்’. ஒரு தடவை ஒழுங்காகப் படித்தாலோ பார்த்தாலோ ‘அக்வெய்ன்ட்’ நிறைவேறிவிடும். தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று ஊழியருக்குக் காட்டினால் அது ‘அக்வெய்ன்ட்’. அவரே எடுத்து இயக்கிப் பார்த்துக் கை பழகினால் ‘ஃபமிலியரைஸ்’. இரண்டையும் மாற்றி எழுதினால் இலக்கணப் பிழை வராது. ஆனால் பயிற்சித் திட்டம் எழுதுபவர் எந்தச் சொல்லைப் போடுகிறார் என்பதை வைத்து ஒரு மணி நேர உரை போதுமா, ஒரு வாரச் செயல்முறை வேண்டுமா என்று படிப்பவர் முடிவு செய்யக்கூடும்.

‘அக்கஸ்டம்’ ஒலியில் கிட்டத்தில் இருப்பதால் கலந்துவிடுகிறது. அது உடலும் மனமும் ஒரு நிலைக்குப் பழகிப்போவது, அதற்கு ‘டு’. வெயிலுக்குப் பழகுவது, இரவுப்பணிக்குப் பழகுவது, மாட்டை வண்டிக்குப் பழக்குவது எதற்கும் ‘அக்வெய்ன்ட்’ பொருந்தாது. தமிழில் இவை எல்லாவற்றுக்கும் ‘பழகு’, ‘பழக்கு’ என்றே சொல்வதால் இங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

சட்ட ஆவணங்களில்

இந்தச் சொல்லின் பொருளைக் கறாராக வரையறுத்த இடம் ஒன்று இருக்கிறது: 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், பிரிவு 47. ஓர் ஆவணத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய நிலையில், அந்தக் கையெழுத்தோடு ‘அக்வெய்ன்டெட்’ ஆன ஒருவரின் கருத்து பொருத்தப்பாடுள்ளது என்றது அந்தப் பிரிவு. யார் அப்படிப்பட்டவர் என்று விளக்கமும் தந்தது. மூன்று வழிகள்: கையெழுத்துக்கு உரியவர் எழுதுவதை நேரில் பார்த்தவர், தானோ தன் அதிகாரத்தின் பேரிலோ எழுதி அவருக்கு அனுப்பியவற்றுக்குப் பதிலாக, அவர் எழுதியதாகக் கொள்ளப்படும் ஆவணங்களைப் பெற்றவர், தொழிலின் வழக்கமான போக்கில் அவர் எழுதியதாகக் கொள்ளப்படும் ஆவணங்கள் யார் முன் தொடர்ந்து வைக்கப்பட்டு வந்தனவோ அவர். மூன்றிலும் பொதுவாக இருப்பது நேரடிப் பழக்கம். கையெழுத்து நிபுணராக இருக்கத் தேவையில்லை. நிபுணர்களுக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023இல் இதே ஏற்பாடு பிரிவு 41இல் தொடர்கிறது.

காவல்துறை விசாரணையிலும் இந்தச் சொல் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973இன் பிரிவு 161, வழக்கின் சங்கதிகளையும் சூழ்நிலைகளையும் அறிந்தவர் என்று கருதப்படும் எவரையும் வாய்மொழியாக விசாரிக்கப் புலனாய்வு அதிகாரிக்கு அதிகாரம் தந்தது. ‘அறிந்தவர்’ என்ற இடத்தில் ஆங்கில மூலத்தில் இருப்பது ‘அக்வெய்ன்டெட் வித்’. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023இல் அது பிரிவு 180. அழைப்பாணையில் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவரோடு தமக்குப் பழக்கம் இருப்பதாகக் காவல்துறை சொல்கிறது என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொடர் சொல்வது அதுவல்ல. உங்களுக்கு நடந்தது பற்றி ஏதோ தெரிந்திருக்கலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. ‘வித்’துக்குப் பின்னால் நிற்பது ஆளா, சங்கதியா என்று பார்த்தால் போதும்.

பிரமாணப் பத்திரங்களின் தொடக்கத்தில் வரும் ‘ஐ ஆம் வெல் அக்வெய்ன்டெட் வித் த ஃபாக்ட்ஸ் ஆஃப் த கேஸ்’ என்பதைத் தமிழில் ‘வழக்கின் சங்கதிகளை நான் நன்கு அறிவேன்’ என்று எழுதுவார்கள். இது வெறும் சம்பிரதாய வரி என்று நினைத்துக் கையெழுத்திடக் கூடாது. இதைச் சொன்னவரிடம் குறுக்கு விசாரணையில் ‘எப்படி அறிவீர்கள்’ என்று கேட்க முடியும். ஒரு நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடுபவர், எந்தக் கோப்பைப் பார்த்து அறிந்தார் என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

டெண்டரில் வருவது இன்னும் கனமானது. பணியிடத்தின் நிலைமைகளோடு ஒப்பந்ததாரர் ‘ஷல் பி டீம்டு டு ஹேவ் அக்வெய்ன்டெட் ஹிம்செல்ஃப்’ என்று இருக்கும். ‘டீம்டு’ என்றால் அப்படியே கொள்ளப்படும் என்று பொருள். போய்ப் பார்த்தாரா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. பார்த்து அறிந்தவராகவே ஒப்பந்தம் அவரைக் கருதும். மண்ணுக்கடியில் பாறை இருந்தது, லாரி போக வழியில்லை, தண்ணீர் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது என்று பின்னால் கூடுதல் தொகை கேட்டால், மறுதரப்பு முதலில் இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டும். விலை குறிக்குமுன் இடத்தை நேரில் பார்த்து, பார்த்த தேதியோடு குறிப்பும் படமும் வைத்துக்கொள்வது இந்த ஒரு வினைச்சொல்லுக்காகவே செய்ய வேண்டிய வேலை.

அலுவலகக் கடிதங்களில் தொனி

‘ப்ளீஸ் அக்வெய்ன்ட் யுவர்செல்ஃப் வித்’ என்று தொடங்கும் வரி ‘ப்ளீஸ்’ இருந்தாலும் கட்டளைதான். தெரிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதையும் படிப்பவர் தலையில் வைக்கிறது. பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாது. மேலிருந்து கீழே போகும் கடிதத்தில் இது சரி. வாடிக்கையாளருக்கோ மேலதிகாரிக்கோ எழுதும்போது உறுத்தும். அங்கே ‘யூ மே ஃபைண்ட் த அட்டாச்டு நோட் யூஸ்ஃபுல்’ என்பதுபோல் எழுதினால் தகவலும் போய்ச் சேரும், மரியாதையும் குறையாது.

‘திஸ் இஸ் டு அக்வெய்ன்ட் யூ தட்’ என்ற தொடக்கத்தைக் கைவிடுங்கள். ‘திஸ் இஸ் டு இன்ஃபார்ம் யூ தட்’ என்பதே சரி. ‘கைண்ட்லி அக்வெய்ன்ட் மீ வித் த ஸ்டேட்டஸ்’ என்பதும் வேண்டாம். ஒரு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒற்றைத் தகவல். அதற்கு ‘ப்ளீஸ் லெட் மீ நோ’ போதும். பல பகுதிகள் கொண்ட, படித்தறிய வேண்டிய ஒன்றுக்குத்தான் ‘அக்வெய்ன்ட்’: கொள்கை, நடைமுறை, வரலாறு, பணியிடம், ஒரு துறையின் அடிப்படைகள்.

தன்விவரக் குறிப்பிலும் யோசித்துப் பயன்படுத்துங்கள். ஒரு மென்பொருளோடு ‘அக்வெய்ன்டெட்’ என்று எழுதினால், பார்த்திருக்கிறேன், கொஞ்சம் தெரியும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நிஜமாகவே அதில் வேலை செய்தவர் என்றால் ‘ப்ரொஃபிஷியன்ட் இன்’ என்று எழுதுவது நியாயம்.

பெயர்ச்சொல்: ‘அக்வெய்ன்டன்ஸ்’

இதற்கு இரண்டு வாழ்க்கை. எண்ணக்கூடிய பெயராக வரும்போது தெரிந்தவர், பழக்கமானவர் என்று பொருள். பெயர் தெரியும், பார்த்தால் பேசுவோம், ஆனால் நண்பர் என்று சொல்ல மாட்டோம் என்ற நிலையில் உள்ளவர். ‘ஆன் அக்வெய்ன்டன்ஸ் ஆஃப் மைன்’ என்று ஒருவரை அறிமுகம் செய்தால், எங்களுக்குள் நெருக்கம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறீர்கள். நண்பரை அவர் முன்னிலையிலேயே இப்படிச் சொன்னால் மனம் புண்படும்.

எண்ண முடியாத பெயராக வரும்போது பரிச்சயம். ‘நாடிங் அக்வெய்ன்டன்ஸ்’ என்பது தலையசைக்கும் அளவுப் பழக்கம், நம் ‘முகப்பழக்கம்’. அது ஆளுக்கும் பொருந்தும், பாடத்துக்கும் பொருந்தும். முதன்முதலாக ஒருவரைச் சந்தித்ததைச் சொல்லும் ‘மேக் த அக்வெய்ன்டன்ஸ் ஆஃப்’ என்பது மிகவும் சம்பிரதாயமானது. கடிதத்தில் சரி, பேச்சில் ‘மீட்’ போதும்.

பயிற்சி

கீழே உள்ள தமிழ் வாக்கியங்களை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் எழுதிவிட்டு விடையைப் பாருங்கள்.

‘வட்டாட்சியருக்கு நிலவரத்தைத் தெரியப்படுத்தினோம்.’
‘வீ அக்வெய்ன்டெட் த தாசில்தார் வித் த சிச்சுவேஷன்.’ ‘டு த தாசில்தார்’ என்று எழுதியிருந்தால் படி 1க்குத் திரும்புங்கள்.

‘தேர்வு விதிகளைத் தேர்வர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.’
‘கேண்டிடேட்ஸ் ஷுட் அக்வெய்ன்ட் தெம்செல்வ்ஸ் வித் த எக்ஸாமினேஷன் ரூல்ஸ் இன் அட்வான்ஸ்.’ தமிழின் ‘கொள்’ இங்கே ‘தெம்செல்வ்ஸ்’ ஆகியிருக்கிறது.

‘எனக்கு அவரை 2015இலிருந்து தெரியும்.’
‘ஐ ஹேவ் பீன் அக்வெய்ன்டெட் வித் ஹிம் சின்ஸ் 2015.’ நெருக்கமானவர் என்றால் இதைவிட ‘ஐ ஹேவ் நோன் ஹிம்’ என்பதே பொருத்தம்.

‘அந்த இருவருக்கும் முன்பே பழக்கம்.’
‘த டூ ஆஃப் தெம் ஆர் ஆல்ரெடி அக்வெய்ன்டெட்.’ ‘வித்’ வேண்டாம்.

‘இந்த ஊர் வெயில் எனக்குப் பழகிவிட்டது.’
‘ஐ ஹேவ் காட் யூஸ்ட் டு த ஹீட் ஹியர்.’ இங்கே ‘அக்வெய்ன்ட்’டுக்கு வேலையே இல்லை.

‘ஆறு மாத விடுப்புக்குப் பின் வந்தவர், மாறிய நடைமுறைகளை மறுபடி ஒருமுறை படித்துத் தெரிந்துகொண்டார்.’
‘ஆஃப்டர் சிக்ஸ் மன்த்ஸ் லீவ், ஷீ ரீஅக்வெய்ன்டெட் ஹெர்செல்ஃப் வித் த புரொசீஜர்ஸ்’ என்று எழுதத் தோன்றும். இலக்கணம் சரிதான், பொருளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ரீஅக்வெய்ன்ட்’ முன்பு தெரிந்திருந்த ஒன்றுக்கு மட்டும் வரும். நடைமுறைகள் மாறிவிட்டன என்கிறது தமிழ் வாக்கியம். மாறியது அவருக்குப் புதிது. ஆகவே ‘அக்வெய்ன்டெட் ஹெர்செல்ஃப் வித் த ரிவைஸ்டு புரொசீஜர்ஸ்’ என்பதே சரியான விடை.